பழைய பெல்லட் அடுப்பை வாங்குமுன்

தாணே நகரில் வீட்டறையை வெதுவெதுப்பாக்கும் பொருட்டு அடுப்பு வாங்குவோர் இலர் எனலாம். மும்பையின் ஸாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் பதிவாகியுள்ள மிகக் குறைந்த வெப்பநிலை 7.4 டிகிரியாகும், அது 1962-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் நிகழ்ந்தது. ஏனைய ஆண்டுகளில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைக்கு ஒரு போர்வை போதுமானது. எனினும் இந்நகரத்து வீடுகளில் உஷ்ணத்துக்குத் தேவை இல்லாமலில்லை. குளிக்க வெந்நீர் வேண்டும். சோறும் பருப்பும் வேக வேண்டும். தாராவியில் நள்ளிரவு கடந்ததும் எழுந்து மாவை இட்லித் தட்டுகளில் ஊற்றி, பொழுது விடியுமுன் தலைச்சுமையாக விற்பனைக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு நீராவிதான் பிழைப்பு. மராட்டியக் குடும்பங்களில் முன்னாளில் ‘பம்ப்’ எனப்படும் செம்புக் கொதிகலன் இருந்தது. நடுவே நெருப்பும் அதன்மேல் புகைக்குழாயும், சுற்றிலும் நீருமாக அமைந்த அது, சுள்ளிகளைக் கொண்டே ஒரு குடும்பத்தின் குளியலுக்கு வெந்நீர் தந்தது.

இத்தேவைகளுக்கு எரிவாயுச் சிலிண்டரைத் தவிர வேறு வழியுண்டா என ஆராய்வோர் கண்ணில், பழைய சாமான் வியாபாரிகளிடத்தும் பங்கார் கடைகளிலும் எப்போதாவது பெல்லட் அடுப்பு ஒன்று படுவதுண்டு. உருளை வடிவம்; பளபளக்கும் மேலுறை; அடியில் ஒரு சிறு விசிறி. விலையோ புதியதன் விலையில் சிறு பகுதி. வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது என்று ஊர்ப் பணியாளரையும் பள்ளி ஆசிரியரையும் மக்கள் கேட்பது இயல்பு. அக்கேள்விக்கு விடை அடுப்பில் பாதியும் எரிபொருளில் பாதியுமாக உள்ளது. முதலில் பார்க்க வேண்டியது எரிபொருளையே.

மரத்தூளும் பெல்லட்டும்

தகர டப்பாவின் நடுவே ஒரு குழாயை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுகத் திணித்து, பிறகு குழாயை உருவிவிட்டு அடியிலிருந்து தீ மூட்டும் மரத்தூள் அடுப்பைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். அவ்வடுப்பின் வெற்றி திணிப்பவர் கையில் இருந்தது. தளர்வாகத் திணித்தால் தூள் சரிந்து நெருப்பு அவியும்; ஈரத்தூளாயின் வீடெல்லாம் புகை. பெல்லட் என்பது அத்திணிக்கும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்ததன் விளைவேயாகும். உலர்ந்த மரத்தூள், கரும்புச் சக்கை, நிலக்கடலைத் தோல், மக்காச்சோளத் தண்டு ஆகியவற்றை மிகுந்த அழுத்தத்தில் துளைகளின் வழியே செலுத்தும்போது உராய்வினால் சூடு பிறக்கிறது. அச்சூட்டில், தாவரப் பொருளில் இயற்கையாகவே உள்ள லிக்னின் இளகிப் பசைபோல் பிடித்துக்கொள்கிறது. வெளிவருவன விரலினும் மெல்லிய உருளைத் துண்டுகள். வீட்டடுப்புகளுக்கானவை பெரும்பாலும் 6 முதல் 8 மில்லிமீட்டர் விட்டமுடையவை. தனியாகப் பசை எதுவும் வேண்டுவதில்லை.

பெல்லட்டின் சிறப்பு யாதெனில், ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ ஒரே அளவும் ஒரே உலர்ச்சியும் உடையதாக இருப்பதேயாகும். நல்ல பெல்லட்டில் ஈரம் நூற்றுக்குப் பத்துக்குக் குறைவு. வெட்டி வந்த விறகிலோ அது நூற்றுக்கு நாற்பதைத் தாண்டுவதும் உண்டு. விறகின் உஷ்ணத்தில் ஒரு பங்கு அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. ஒரு கிலோகிராம் பெல்லட் ஏறத்தாழ 4,000 கிலோகலோரி தரும் எனக் கணக்கிடலாம். உமி முதலிய சாம்பல் மிகுந்த பொருள்களாயின் இதிலும் குறையும்.

குளிர்நாடுகளில் பெல்லட் அடுப்பு என்றால் வேறொரு பொருளே நினைவுக்கு வரும். அது 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் உருவாகிப் பரவிய அறைவெப்ப அடுப்பு. பெட்டி நிறையப் பெல்லட்டைக் கொட்டிவிட்டால், திருகாணி போன்ற தண்டு ஒன்று மின்சாரத்தால் சுழன்று, அவற்றைச் சிறிது சிறிதாகத் தீச்சட்டியில் தள்ளும். ஒரு விசிறி புகையைக் குழாய் வழியே வெளியேற்றும். மற்றொன்று வெப்பக் காற்றை அறைக்குள் வீசும். இந்தியாவில் வீடுகளுக்கென வந்த பெல்லட் அடுப்பு அதுவன்று. அதன் கதையைத் தெரிந்துகொண்டால், பழைய அடுப்புகள் விற்பனைக்கு வருவதன் காரணமும் விளங்கும்.

ஊர்ஜாவின் பாடம்

புகையில்லா அடுப்பைப் பற்றிய முயற்சி இந்நாட்டில் பழமையானது. 1953-இல் ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு புகைப்போக்கியுடன் கூடிய மண் அடுப்பைப் பற்றி நூல் வெளியிட்டார். 1980-களில் தொடங்கிய மேம்பட்ட அடுப்புகளின் தேசியத் திட்டம் 2002 வரை நடைபெற்றது. ஆனால் பெல்லட்டுக்கென்றே அமைந்த சமையலடுப்பு பெருமளவில் வீடுகளை அடைந்தது 2006-க்குப் பின்னரேயாகும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எச்.எஸ். முகுந்தாவும் அவருடைய குழுவினரும் வகுத்த வடிவத்தை பி.பி. என்னும் எண்ணெய் நிறுவனம் ‘ஊர்ஜா’ என்ற பெயரில் சந்தைக்குக் கொணர்ந்தது. பிறகு பூனாவைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனம் அதனை ஏற்று நடத்தியது. மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட அடுப்புகள் விற்பனையாயின.

அதன் அமைப்பு எளியது, ஆனால் நுட்பமானது. சூளைமண்ணால் ஆன உட்குழியில் பெல்லட்டை நிரப்பி மேற்புறத்தில் தீ மூட்ட வேண்டும். மின்கலத்தால் ஓடும் சிறு விசிறி, காற்றில் ஒரு பகுதியை இரும்புத் தட்டின் அடியிலிருந்தும், மறு பகுதியைக் குழியின் மேல்விளிம்பிலுள்ள துளைகளின் வழியாகவும் செலுத்துகிறது. அடிக்காற்று பெல்லட்டைச் சூடாக்கி அதிலிருந்து எரியும் வாயுவைப் பிரிக்கிறது. மேற்காற்று அவ்வாயுவை முழுமையாக எரிக்கிறது. மெழுகுவர்த்தியில் எரிவது மெழுகன்று, மெழுகின் ஆவியே என்று வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. புகை என்பது எரியத் தவறிய வாயுவும் துகளுமேயாதலின், வாயு முழுதும் எரிந்தால் புகை மிகக் குறைகிறது. நிமிடத்துக்கு 12 கிராம் பெல்லட் எரியும் வேகத்தில், ஒரு முறை நிரப்பிய 600 கிராம் ஏறக்குறைய 50 நிமிடம் எரியும். சோதனைச்சாலையில் எரிபொருளின் உஷ்ணத்தில் பாதியளவு பாத்திரத்தைச் சென்றடைந்தது. மூன்று கல் அடுப்பில் அது பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும்.

அடுப்பு கெடவில்லை, பெல்லட்டின் விலைதான் ஏறியது. பெல்லட் ஆலைக்கு வேண்டிய கரும்புச் சக்கையையும் தோலையும் கொதிகலன் வைத்திருந்த தொழிற்சாலைகளும் தேடத் தொடங்கின. மூலப்பொருளின் விலையேற்றத்தைக் கிராமத்துக் குடும்பம் தாங்கவில்லை. நிறுவனமும் வீடுகளை விட்டு உணவகங்களின் பெரிய சமையற்கூடங்களை நாடிச் சென்றது. நல்ல நிலையிலிருந்த அடுப்புகள் பரண் ஏறின. வேறு எரிபொருளை அவ்வடுப்பில் இட்டுப் பார்த்தவர்களும் உண்டு. விறகுத் துண்டுகள் அளவில் ஒத்திராமையால் குழியில் சரியாகப் படியாமல் புகையே மிகுந்தது. பெல்லட்டுக்கென்று செய்யப்பட்ட அடுப்பில் பெல்லட்டைத் தவிர மற்றவை சரிவர எரிவதில்லை.

இப்போட்டி இன்னும் ஓயவில்லை. 2021 அக்டோபரில் மத்திய மின்துறை அமைச்சகம், அனல் மின்நிலையங்கள் நிலக்கரியுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு தாவரப் பெல்லட்டைச் சேர்த்து எரிக்க வேண்டும் எனக் கொள்கை வகுத்தது. வயலில் வைக்கோலைக் கொளுத்தும் தீமையைக் குறைக்க அது நல்ல வழியே. எனினும் மூட்டை மூட்டையாக வாங்கும் குடும்பம், லாரி லாரியாக வாங்கும் மின்நிலையத்துடன் ஒரே சந்தையில் நிற்க நேர்கிறது. ஆதலின் அடுப்பை விலை பேசுமுன் பெல்லட் எங்கே கிடைக்கும், சில்லறையாகக் கிடைக்குமா, ஆண்டு முழுதும் கிடைக்குமா என்ற மூன்றையும் விசாரித்தறிய வேண்டும். இவற்றுக்குத் திட்டமான விடை கிடைக்காவிடில் அடுப்பை இலவசமாகத் தந்தாலும் இடத்தை அடைக்கும் பொருளாகவே முடியும்.

விலையை ஒப்பிடுதல் கடினமன்று. ஒரு கிலோகிராம் சமையல் எரிவாயு ஏறத்தாழ 11,000 கிலோகலோரி தரும். அதில் நூற்றுக்கு 60 பங்கு பாத்திரத்தை அடைகிறது எனக் கொண்டால் 6,600 கிலோகலோரி பயன்படுகிறது. பெல்லட்டின் 4,000 கிலோகலோரியில் நூற்றுக்கு 40 பங்கு பயன்பட்டால் 1,600. ஆகவே 14.2 கிலோகிராம் எரிவாயு கொண்ட ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 59 கிலோகிராம் பெல்லட் ஈடாகும். அடுப்பு சற்றுத் தேய்ந்து, 35 பங்கே பயன்படுமாயின் 67 கிலோகிராம் வேண்டும். அந்தந்தக் காலத்து விலையை இவ்வெண்களில் இட்டுப் பார்த்தால், மிச்சம் உண்டா இல்லையா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 20 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க 2,000 கிலோகலோரி தேவை. அதற்கு ஒன்றேகால் கிலோகிராம் பெல்லட் செலவாகும். 600 கிராம் கொள்ளும் அடுப்பை இருமுறை நிரப்பியும் சிறிது போதாமலிருக்கும். காலை அவசரத்தில் இது எத்தகைய தொல்லை என்பதை வீட்டுப் பெண்களிடம் கேட்டறிதல் நலம். வாங்குவதை முடிவு செய்பவர் ஒருவர், மூட்டுபவர் மற்றொருவர் என்ற நிலை அடுப்புத் திட்டங்கள் பலவற்றைக் கெடுத்திருக்கிறது.

அடுப்பைச் சோதித்தல்

எரிபொருள் உறுதியான பின்னர் அடுப்பைப் பார்க்கலாம். பளபளப்பான மேலுறை எதையும் உணர்த்தாது. உட்குழியில் விளக்கொளியைப் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். சூளைமண்ணில் மயிரிழை போன்ற கீறல் இருந்தால் குற்றமில்லை. துண்டு பெயர்ந்திருந்தாலோ, கீறல் ஊடுருவி வெளித்தகரம் தெரிந்தாலோ விலக்க வேண்டும். இரும்புத் தட்டு வளைந்தும் அரித்தும் இருப்பின், அதே அளவுள்ள மாற்றுத் தட்டைச் செய்து தரும் பட்டறை அருகில் உண்டா எனக் கேட்க வேண்டும். மேல்விளிம்பின் துளைகள் சாம்பலால் அடைபட்டிருந்தால் கம்பியால் சுத்தம் செய்துவிடலாம். துருவால் அகன்று ஒன்றோடொன்று கூடியிருந்தால் பயனில்லை.

விசிறியே இவ்வடுப்பின் உயிர்நிலை. அதனை ஓடவிட்டு, மேல்துளைகளருகே எரியும் ஊதுவத்தியைப் பிடித்தால் புகை எல்லாத் துளைகளின் முன்பும் ஒரே விதமாகத் தள்ளப்பட வேண்டும். பிறகு அதே ஊதுவத்தியை அடுப்பின் வெளி இணைப்புகளைச் சுற்றிக் கொண்டு செல்லவும். அங்கும் புகை விலகினால் காற்று கசிகிறது. விசிறி கரகரவென்று ஒலித்தால் அச்சு தேய்ந்துவிட்டது என்பது பொருள். மின்கலமோ, உபயோகிக்காமல் கிடந்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழக்கும். ஆதலின் புதிய மின்கலத்தின் விலையை அடுப்பின் விலையோடு முன்னதாகவே கூட்டிக்கொள்வது விவேகம். கிடைத்த கைப்பேசி மின்னேற்றியை இணைத்து ஓட்டுவது, அடுப்பின் மீது குறித்துள்ள வோல்ட் அளவுக்கு அது பொருந்தினாலன்றி, விசிறியைக் கருக்கிவிடும்.

இவ்வளவும் பார்த்த பின்னும், தீ மூட்டிக் காட்டாத அடுப்பை வாங்கலாகாது. முதல் ஐந்து நிமிடத்தில் சிறிது புகை எழுவது இயற்கை. அதன் பிறகு சுவாலை மேல்துளைகளின் அருகே சுற்றி எரிய வேண்டும். பாத்திரத்தின் அடியில் கரி அப்பலாகாது. மஞ்சள் சுவாலை நெடிதாக எழுந்து நுனியில் கருமை காட்டினால் மேற்காற்று போதவில்லை.

பள்ளியில் தராசும் வெப்பமானியும் இருக்குமாயின் மாணவரைக் கொண்டே பயன்திறனை அளந்துவிடலாம். 600 கிராம் பெல்லட்டை நிறுத்து இடவும். அதன் உஷ்ணம் 2,400 கிலோகலோரி. 5 லிட்டர் நீருள்ள பாத்திரத்தை ஏற்றி 27 டிகிரியிலிருந்து 95 டிகிரியை எட்டியதும் இறக்கி, உடனே அடுத்ததை வைக்கவும். ஒவ்வொன்றும் கொள்வது 340 கிலோகலோரி. நெருப்பு தணியுமுன் மூன்று பாத்திரம் தேறினால் பயன்திறன் நூற்றுக்கு 42. இரண்டே தேறினால் 28. கடைசிப் பாத்திரம் பாதியில் நின்றால், ஏறிய டிகிரிக்கேற்பக் கணக்கிடலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2013-இல் திருத்திய 13152-ஆம் எண் தரநிர்ணயம் விசிறியுள்ள அடுப்புக்கு 35-க்குக் குறையாத பயன்திறனை விதிக்கிறது. அதே தரநிர்ணயம் கார்பன் மோனாக்ஸைடுக்கும் நுண்துகளுக்கும் உச்சவரம்பு விதித்துள்ளது. அவற்றைப் பள்ளியில் அளக்க இயலாது.

பெல்லட்டையும் சோதிக்க வேண்டும். ஒரு குவளை நீரில் இரண்டு துண்டுகளை இட்டால், நன்கு அழுத்தப்பட்டவை உடனே மூழ்கும், மிதப்பவை தளர்வானவை. 100 கிராமை முற்றும் எரித்துச் சாம்பலை நிறுத்தால் பொருளின் தரம் வெளிப்படும். தூய மரத்தூள் ஒன்றிரண்டு கிராமே விடும். 10 கிராமுக்கு மேல் நின்றால் மண்ணோ உமியோ கலந்திருக்கிறது; அத்தகைய சாம்பல் சூட்டில் உருகிக் கண்ணாடிக் கட்டியாகத் தட்டின் துளைகளை அடைத்துவிடும். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நகரத்து மரவேலைக் கூடங்களில் குவியும் தூளில் பெரும்பகுதி பலகை ஒட்டுகளின் தூள். அதில் பசையும் வண்ணமும் உண்டு. அதை எரிப்பதனால் எழும் ஆவி கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். மலிவாகக் கிடைக்கும் பெல்லட் கசந்த மணம் வீசினால் அதனை வீட்டுக்குள் சேர்க்கலாகாது.

தாணேயில் மழைக்காலமே பெல்லட்டின் பகைவன். ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இவ்வட்டாரத்தில், சாக்கில் வைத்த பெல்லட் நீர் படாமலே காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பித் தூளாகிறது. தூளானதை அடுப்பிலிட்டால் காற்று புகாமல் புகையும். இறுக்கமான மூடியுடைய டிரம்மில், தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். பத்துக்குப் பத்து அடி அறையில் வாழும் தாராவிக் குடும்பத்துக்கு அந்த டிரம்முக்கு இடம் எங்கே என்பதும் வாங்குமுன் தீர்க்க வேண்டிய கேள்வியே. ஒரு மாத இருப்புக்கு மேல் மழைக்காலத்தில் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் எவ்வளவு அழுத்தமாகக் கூறினாலும் தகும். இவ்வகைச் சமையலடுப்புக்குப் புகைப்போக்கி கிடையாது. புகை கண்ணுக்குத் தெரியாததால் நஞ்சும் இல்லை என எண்ணுவது தவறு. சுவாலை அடங்கி, தணல் மட்டும் எஞ்சும் இறுதிக் கட்டத்திலேதான் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு மிகுதியாக வெளிப்படுகிறது. வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் தணற்சட்டியை மூடிய அறையில் வைத்துறங்கி உயிரிழப்போர் செய்தி வருகிறது. அதே வாயுவே இங்கும் பிறக்கிறது. அடுப்பைக் கதவருகிலோ சாலின் பொது நடையிலோ வைத்து மூட்டவும், சமையல் முடிந்ததும் தணலை உலோகப் பாத்திரத்தில் கொட்டி வெளியே வைத்து மூடவும் வேண்டும். மழைச்சாரலுக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் சாத்தும் நாட்களில் இவ்வடுப்பை மூட்டாதிருப்பதே நன்று. குடியிருப்பு வீடுகளில் எரிவாயு இணைப்பு ஏற்கெனவே இருக்குமாயின், சமையலை அதற்கே விட்டு, வெந்நீருக்கு மட்டும், அதுவும் திறந்த வெளியில், பெல்லட் அடுப்பை வைத்துக்கொள்ளலாம்.

உணவுத் தொழில் செய்வோர் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், மும்பையில் விறகும் கரியும் எரிக்கும் ரொட்டிச் சூளைகளும் உணவகங்களும் ஆறு மாதங்களுக்குள் எரிவாயு முதலிய தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என உத்தரவிட்டது. பெல்லட்டை மாற்றாக எண்ணி அடுப்பு வாங்கும் சிறு வியாபாரி, தமது வார்டு அலுவலகத்தில் அது ஏற்கத்தக்கதா எனக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளாமல் முன்பணம் கொடுக்கலாகாது.

உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் இறக்குமதியான அறைவெப்ப அடுப்பைப் பழையதாக வாங்குவோருக்கு வேறு சில குறிப்புகள் உண்டு. அவ்வடுப்பு மின்சாரமின்றி இயங்காது. மின்தடை நேர்ந்தால் புகைவிசிறியும் நின்றுவிடும். கதவின் விளிம்பில் உள்ள கயிறு போன்ற அடைப்பு தேய்ந்திருக்கிறதா என அறிய, ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுக்கலாம். எளிதில் உருவி வந்தால் அடைப்பை மாற்ற வேண்டும். தள்ளுதண்டும் தீமூட்டியும் அயல்நாட்டுப் பாகங்கள். அவ்வகை அடுப்பைச் செய்த நிறுவனம் இன்றும் பாகங்கள் தருகிறதா என்பதே விலையைத் தீர்மானிக்க வேண்டும். அவை சாம்பல் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான மரப்பெல்லட்டுக்காக வகுக்கப்பட்டவை. கடலைத்தோல் பெல்லட்டை இட்டால் தீச்சட்டி சில மணி நேரத்திலேயே கட்டிகளால் அடைபடும். புகைக்குழாயைப் பழையதாக வாங்கவே கூடாது. அடுப்போடு சேர்த்துக் குழாயையும் கழற்றித் தருவதாக விற்பவர் சொன்னாலும், குழாயை விட்டுவிட்டு அடுப்பின் விலையை மட்டும் பேச வேண்டும்.